பழைய டீசல் வெல்டிங் செட்: குறையைக் கண்டுபிடிப்பதும் உதிரிபாகம் தேடுவதும்



கிரில் கேட், தகரக் கொட்டகை, டிராக்டர் டிரெய்லர், போர்வெல் குழாய் என்று இரும்பை ஒட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. கரண்ட் உள்ள இடத்தில் சாதாரண வெல்டிங் மெஷின் போதும். வயல்வெளியிலும், சாலையோரத்திலும், இணைப்பு வராத புதுக் கட்டடத்திலும் வேலை செய்ய இன்ஜினோடு கூடிய வெல்டிங் செட்தான் வேண்டும். அது நின்றுவிட்டால் அன்றைய வருமானமும் நின்றுவிடும்.

அப்படி நின்ற நாளில் மனம் பதறும். அந்தப் பதற்றத்தில் நம் மக்கள் மூன்று காரியம் செய்வதைப் பார்த்து வருகிறோம். சிலர் காயலான் கடைக்கு எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். சிலர் வட்டிக்கு வாங்கிப் புதிய செட் எடுக்கிறார்கள். சிலர் யாரோ சொன்னார்கள் என்று ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்த்துக் கைப்பணத்தைக் கரைக்கிறார்கள். மூன்றுக்கும் காரணம் ஒன்றே: குறை எங்கே என்று தெரியாமல் முடிவெடுப்பது. பணம் செலவழிக்கும் முன் குறையை எப்படித் தேடுவது என்பதே இந்தப் பாடம். பட்டறைப் பிள்ளைகள் மட்டுமின்றி, வீட்டுக் கணக்குப் பார்க்கும் தாய்மார்களும் இதைப் படிக்க வேண்டுகிறோம். முடிவில் செலவாவது குடும்பத்தின் பணம்.

1. ஒரு சட்டத்தில் இரண்டு இயந்திரங்கள்

வெல்டிங் செட் என்பது ஒரே இயந்திரம் அல்ல. ஒரு பக்கம் இன்ஜின், மறுபக்கம் ஜெனரேட்டர், நடுவில் இரண்டையும் சேர்க்கும் கப்ளிங். இன்ஜினின் வேலை, சொன்ன வேகத்தில் சுழல்வது. ஜெனரேட்டரின் வேலை, அந்தச் சுழற்சியை வெல்டிங் கரண்டாக மாற்றுவது. ஆகவே முதல் கேள்வி: குறை எந்தப் பாதியில்? இதற்கு விடை கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

பழைய டி.சி. செட்டுகளில் ஜெனரேட்டருக்குள் நடப்பது இதுதான். உள்ளே சுழலும் ஆர்மேச்சர் காந்தப் புலத்தை வெட்டும்போது கரண்ட் பிறக்கிறது. அதை வெளியே எடுப்பது செம்புப் பட்டைகளால் ஆன கம்யூட்டேட்டரும், அதன்மேல் உரசும் கார்பன் பிரஷ்களும். அந்தக் காந்தப் புலத்தை உண்டாக்கவும் கரண்ட் வேண்டுமே? அதைத் தருவது பின்பக்கம் இருக்கும் சிறிய ஜெனரேட்டர். அதன் பெயர் எக்சைட்டர். எக்சைட்டருக்கு முதல் உந்துதல், அதன் இரும்பில் முன்பு ஓடியதால் மிச்சமிருக்கும் சிறு காந்த சக்தி. அதிலிருந்து கொஞ்சம் கரண்ட், அந்தக் கரண்டால் இன்னும் கொஞ்சம் காந்தம் என்று படிப்படியாக ஏறி முழு அளவை எட்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும், இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், ராடில் மட்டும் நெருப்பு வராது.

பிற்காலச் செட்டுகளில் கம்யூட்டேட்டர் கிடையாது. ஆல்டர்னேட்டர் ஏ.சி.யாகத் தரும் கரண்டை டயோடுகள் டி.சி.யாக மாற்றும், எலெக்ட்ரானிக் கார்டு ஒன்று கட்டுப்படுத்தும். உங்களிடம் இருப்பது எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வகைக்குச் சொன்ன வைத்தியம் மற்றதைக் கெடுக்கலாம்.

2. ஸ்பேனரைத் தொடும் முன் நான்கு கேள்விகள்

ஒரு நோட்டில் இவற்றுக்கு விடை எழுதுங்கள்.

அ) ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நின்றதா, நாளாக நாளாக வலுக் குறைந்ததா?
ஆ) கடைசியாக எதைக் கழற்றினீர்கள், எதை மாற்றினீர்கள், எந்த டீசலை ஊற்றினீர்கள்?
இ) எத்தனை நாள் ஓடாமல் கிடந்தது? மழையில் நனைந்ததா?
ஈ) புகை, சத்தம், வாடை இவற்றில் என்ன மாற்றம்?

சட்டென்று நின்றால் பெரும்பாலும் ஒயர் அறுந்தது, ஃபியூஸ் போனது, டீசல் அடைத்தது போன்ற ஒற்றைக் காரணம் இருக்கும். மெல்ல மெல்லக் குறைந்தால் தேய்மானம், அழுக்கு, கம்ப்ரஷன் குறைவு என்று பார்க்க வேண்டும். ஓடாமல் கிடந்தது என்றால் ஈரமும் துருவும் சந்தேகத்துக்குரியவை. கடைசியாகக் கை வைத்த இடத்தை முதலில் பாருங்கள். பல நேரங்களில் குறை அங்கேதான் இருக்கும்.

3. இன்ஜின் பக்கம்

டீசல் இன்ஜின் ஓட மூன்று வேண்டும்: சுத்தமான டீசல், போதிய காற்று, நல்ல கம்ப்ரஷன். இந்த வரிசையிலேயே பாருங்கள். முதலாவது மலிவு, கடைசி செலவு.

இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால், ஸ்டாப் லிவர் ஓடும் நிலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எளிய விஷயம்தான், ஆனாலும் பார்க்க வேண்டியது. ஆயில் அழுத்தம் குறைந்தாலோ சூடு ஏறினாலோ தானாக நிறுத்தும் சுவிட்ச் உள்ள செட்டுகளில் அதையும் பாருங்கள். அடுத்து டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை. அது அடைத்தால் சிறிது நேரம் ஓடி நிற்கும், ஆறியபின் மறுபடி ஓடும். பிறகு ஃபில்டர், அதன் அடியில் தேங்கிய தண்ணீர்.

டீசல் தீர்ந்து நின்றாலோ ஃபில்டர் மாற்றினாலோ குழாயில் காற்று புகுந்துவிடும். ஏர் எடுக்கும் முறை இது: டேங்கை நிரப்பி வால்வைத் திறந்து, ஃபில்டர் தலையில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடியுங்கள். குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்குங்கள். அதேபோல் பம்பில் உள்ள ஸ்க்ரூ. கடைசியாக நாசிலுக்குப் போகும் குழாயின் நட்டைச் சற்றே தளர்த்தி இன்ஜினைச் சுற்ற வைத்து, டீசல் வந்ததும் இறுக்குங்கள். அந்த இடத்தில் முகத்தையோ கையையோ நீட்டாதீர்கள். நாசிலில் இருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் வேகம் கொண்டது. அப்படி நடந்தால் காயம் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஓடும் இன்ஜினின் குறையைப் புகை சொல்லும். கறுப்புப் புகை என்றால் காற்றுக் குறைவு, டீசல் மிகுதி அல்லது தாங்காத பாரம். ஏர் கிளீனரை முதலில் பாருங்கள். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது; ரிங்கோ, வால்வு கைடோ தேய்ந்திருக்கலாம். வெள்ளைப் புகை என்றால் டீசல் எரியாமல் போகிறது அல்லது தண்ணீர் உள்ளே வருகிறது. நாசில், டைமிங், கம்ப்ரஷன், ஹெட் கேஸ்கட் என்று பார்க்க வேண்டும். குளிர்ந்த காலையில் சற்று நேரம் வெள்ளைப் புகை வந்து நின்றுவிட்டால் கவலை இல்லை.

நாசிலும் பம்பும் சந்தேகமானால் வீட்டில் பிரிக்காதீர்கள். டீசல் பம்ப் கடையில் டெஸ்டரில் வைத்துப் பார்த்துவிடுவார்கள். பிரித்தபின் தூசி புகுந்தால் சிறிய செலவு பெரிய செலவாகும்.

4. வேகம் என்னும் நடுப்பாலம்

இன்ஜினையும் ஜெனரேட்டரையும் பார்த்தாயிற்று, இரண்டும் நன்றாக இருக்கின்றன, ஆனாலும் ஆர்க் பலவீனம் என்றால் வேகத்தை அளக்க வேண்டும். காதால் கேட்டு வேகம் சொல்வதை நம்பாதீர்கள். கையடக்க டேக்கோமீட்டர் ஒன்றை நாலைந்து பட்டறைகள் சேர்ந்து வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

ஆல்டர்னேட்டர் வகைக்கு எளிய கணக்கு உண்டு. நிமிடச் சுற்றைப் போல்களின் எண்ணிக்கையால் பெருக்கி 120ஆல் வகுத்தால் ஹெர்ட்ஸ் கிடைக்கும். 4 போல், 1500 சுற்று என்றால் 50 ஹெர்ட்ஸ். அதே 4 போல், 1800 சுற்று என்றால் 60 ஹெர்ட்ஸ். நம் நாட்டில் 50, சவூதியில் 60. அங்கே ஓடிய செட் நம் கைக்கு வந்தால், அதன் பெயர்ப் பலகையில் 1800 என்று இருப்பதை இங்குள்ள மெக்கானிக் பழக்கத்தில் 1500க்குக் குறைத்துவிட வாய்ப்புண்டு. பிறகு வோல்டேஜ் குறைந்து, ஆர்க் இழுத்து, குறை ஜெனரேட்டரில் என்று வைண்டிங்கைப் பிரிப்பார்கள். எனவே எத்தனை சுற்று என்பதைப் பலகையில் உள்ளபடியே வையுங்கள்.

ராடைத் தொட்டதும் இன்ஜின் சற்று இறங்கி உடனே நிமிர்ந்துவிட்டால் கவர்னர் சரி. இறங்கியவன் எழவே இல்லை என்றால் டீசல் அல்லது கம்ப்ரஷன் பக்கம் போங்கள். ஏறி இறங்கி ஊஞ்சலாடினால் கவர்னர் இணைப்புகளில் தேய்மானம், ஸ்பிரிங், அல்லது டீசலில் காற்று.

5. இன்ஜின் ஓடுகிறது, ஆர்க் இல்லை

இங்கே வரிசை முக்கியம். வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும்.

முதல் படி: கேபிள், ஹோல்டர், எர்த் கிளாம்ப். லக் கறுத்திருக்கிறதா, சூடாகிறதா, கேபிளின் உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கின்றனவா? கிளாம்ப் பிடித்த இடத்தில் பெயிண்டும் துருவும் சுரண்டப்பட்டதா? ஆர்க் இல்லை என்று கொண்டுவரும் செட்டுகளில் இந்தப் படியிலேயே தீர்வது பல.

இரண்டாம் படி: வெல்டிங் செய்யாத நிலையில், இரு முனைகளுக்கும் இடையே மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்து வோல்டேஜ் அளவிடுங்கள். பெரும்பாலான செட்டுகளில் இது 60க்கும் 100க்கும் இடையில் இருக்கும். உங்கள் பலகையில் உள்ளதே சரியான அளவு. இப்போது மூன்று முடிவுகள் வரலாம்.

வோல்டேஜ் சரியாக இருக்கிறது, ஆனால் ராடைத் தொட்டால் படுத்துவிடுகிறது: கரண்ட் போகும் பாதையில் எங்கோ பிடிப்பு இல்லை. கேபிள், ரேஞ்ச் சுவிட்சின் கருகிய முனை, பெரிய கம்யூட்டேட்டரின் பிரஷ்.

நாலைந்து வோல்ட் மட்டும் வருகிறது: மிச்சக் காந்தம் இருக்கிறது, ஆனால் வளரவில்லை. எக்சைட்டர் பிரஷ், கரண்ட் கூட்டிக் குறைக்கும் ரியோஸ்டாட், ஃபீல்டு ஒயர் இவற்றில் ஒன்று விட்டுப்போயிருக்கும்.

சுத்தமாகப் பூஜ்யம்: காந்தம் போயிருக்கலாம், அல்லது பிரஷ் தொடவே இல்லை.

மூன்றாம் படி: இன்ஜினை நிறுத்தி, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, எக்சைட்டர் மூடியைத் திறவுங்கள். ஒவ்வொரு பிரஷும் தன் கூட்டில் தடையின்றி மேலும் கீழும் நகர வேண்டும். தூசியும் ஈரமும் சேர்ந்து சிக்கிக்கொண்டால் ஸ்பிரிங் எவ்வளவு அழுத்தினாலும் செம்பைத் தொடாது.

கணவரை இழந்த ஒரு தாயும் பட்டறை நடத்தும் அவர் மகனும் மழைக்காலம் முடிந்ததும் நம் அலுவலகம் வந்தார்கள். "பாய், செட்டு செத்துப்போச்சு. எடைக்குப் போட்டா எவ்வளவு வரும்னு கேட்டாச்சு. போட்டுடலாமா?" என்றார் தாய். மகன் தலை குனிந்து நின்றான். இன்ஜின் ஓடுகிறதா என்று கேட்டோம். ஓடுகிறது என்றான். வோல்டேஜ் பார்த்தாயா என்றோம். பார்க்கவில்லை. வைண்டிங் கடைக்காரர் ஒருவரை அனுப்பினோம். இரண்டு எக்சைட்டர் பிரஷ்கள் கூட்டில் இறுகிக் கிடந்தன. அல்ஹம்துலில்லாஹ், அன்று மாலையே செட் ஆர்க் பிடித்தது. ஒரு குடும்பத்தின் சோற்றுச் சட்டி, இறுகிப்போன இரண்டு கார்பன் துண்டுகளால் எடைக்குப் போயிருக்கும்.

நான்காம் படி: ரியோஸ்டாட்டை ஓம்ஸில் வைத்து மெல்லத் திருப்புங்கள். அளவு படிப்படியாக மாற வேண்டும். நடுவில் ஓரிடத்தில் அறுந்தால் அங்கே கம்பி விட்டிருக்கிறது. ஃபீல்டு சுருளிலும் தொடர்பு உண்டா என்று பாருங்கள். கடைசியாக 500 வோல்ட் மெகரில், சுருளுக்கும் உடம்புக்கும் இடையே குறைந்தது 1 மெகாஓம் இருக்கிறதா என்று வைண்டிங் கடையில் பார்க்கச் சொல்லுங்கள். டயோடும் கார்டும் உள்ள செட்டில் அவற்றைக் கழற்றாமல் மெகர் வைக்கக் கூடாது. நனைந்த செட்டாக இருந்து அளவு குறைந்தால் உடனே ரீவைண்டிங் என்று பயப்பட வேண்டாம். நன்றாகக் காயவைத்து மறுபடி அளந்த பிறகே முடிவெடுங்கள்.

6. கம்யூட்டேட்டரும் பிரஷும்

நல்ல கம்யூட்டேட்டர் பளபளவென்று இருக்காது. சாக்லேட் நிறப் படலம் ஒன்று வழவழப்பாக மூடியிருக்கும். அதைத் தேய்த்துப் போக்காதீர்கள். கறுத்துக் கரடுமுரடாக இருந்தால் மட்டும் நைஸ் சேண்ட்பேப்பரால் சுத்தம் செய்யலாம். எமரி ஷீட் கூடாது. அதன் துகள் பட்டைகளுக்கிடையே புகுந்து ஷார்ட் ஆக்கும், செம்பையும் கீறும்.

செம்புப் பட்டைகளுக்கு நடுவில் உள்ள மைக்கா, செம்பை விடச் சுமார் 0.8 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். செம்பு தேய்ந்து மைக்கா மேலே வந்தால் பிரஷ் துள்ளும், நெருப்பு பறக்கும். அப்போது லேத்தில் கடைந்து, மைக்காவை அறுத்துவிட வேண்டும். ஏதோ ஓரிரு பட்டைகள் மட்டும் கருகியிருந்தால் அந்த இடத்தில் ஆர்மேச்சர் கம்பி விட்டிருக்கும் அடையாளம். அது வைண்டிங் கடை வேலை.

பிரஷ் பாதிக்கு மேல் தேய்ந்தால் மாற்றுங்கள். ஒரு கம்யூட்டேட்டரில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. புதிய பிரஷ் சமதளமாக இருக்கும், கம்யூட்டேட்டரோ வளைவு. சேண்ட்பேப்பரின் சொரசொரப்புப் பக்கம் பிரஷைப் பார்க்கும்படி கம்யூட்டேட்டரின் மேல் சுற்றி, சுழலும் திசையில் இழுத்து இழுத்துப் பிரஷின் முகத்தை வளைவாக்குங்கள். பிறகு தூளை ஊதிவிடுங்கள். பிரஷ் பிடித்திருக்கும் ராக்கரைக் கழற்ற நேர்ந்தால், முன்பிருந்த இடத்தில் கோடு கீறிவைத்துவிட்டே கழற்றுங்கள். இடம் மாறினால் நெருப்பு பறக்கும்.

7. காந்தம் போன செட்டை எழுப்புவது

பிரஷ், ஒயர், ரியோஸ்டாட் எல்லாம் சரி, ஆனாலும் பூஜ்யம் என்றால் காந்தம் ஊட்ட வேண்டும். கம்யூட்டேட்டர் உள்ள பழைய டி.சி. எக்சைட்டருக்கு மட்டும் இந்த முறை. டயோடும் கார்டும் உள்ளவற்றில் செய்தால் அவை எரிந்துபோகும்.

இன்ஜின் நின்றிருக்க வேண்டும். வெல்டிங் கேபிள்களைக் கழற்றுங்கள். ரியோஸ்டாட் முழு அளவில். எக்சைட்டரின் ஒரு பக்கப் பிரஷுக்கும் கம்யூட்டேட்டருக்கும் இடையே தடித்த காகிதம் வையுங்கள். பேட்டரியின் கரண்ட் ஆர்மேச்சருக்குப் போகாமல் ஃபீல்டுக்கு மட்டும் போக இதுவே வழி. 12 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை பிளஸ் பிரஷ் ஹோல்டரிலும், மைனஸை மைனஸ் ஹோல்டரிலும் அரை நிமிடம் வரை வைத்து எடுங்கள். எடுக்கும்போது பொறி தெறிக்கும். ஆகவே டீசலும் பேட்டரியும் அருகில் இருக்கக் கூடாது, முகமும் தள்ளி இருக்கட்டும். காகிதத்தை எடுத்துவிட்டு இன்ஜினை ஓட்டி வோல்டேஜ் பாருங்கள். பிளஸ்–மைனஸ் மாற்றி வைத்தால் செட் ஓடும், ஆனால் முனைகள் இரண்டும் தலைகீழாகிவிடும். ராடு வழக்கத்துக்கு மாறாக எரியும். முதல் முறை செய்பவர், தெரிந்த எலெக்ட்ரீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

8. உதிரிபாகம் தேடுவது

"இந்தக் கம்பெனியே மூடியாச்சு, பாகம் கிடைக்காது" என்ற சொல்லை உடனே ஏற்காதீர்கள். செட்டின் பாகங்களை நான்கு வகையாகப் பிரித்தால் தேடல் எளிதாகும்.

ஒன்று, உலகெங்கும் ஒரே அளவில் வரும் பாகங்கள். இவற்றுக்கு செட் கம்பெனியே தேவையில்லை. பால் பேரிங்கின் மேல் 6309 என்று இருந்தால் உள்விட்டம் 45, வெளிவிட்டம் 100, தடிமன் 25 மி.மீ.; எந்தக் கம்பெனி பேரிங்கும் அதேதான். கடைசி இரண்டு எண்களை 5ஆல் பெருக்கினால் உள்விட்டம் வரும். எண்ணுக்குப் பின் உள்ள எழுத்துகளையும் எழுதிக்கொள்ளுங்கள்: இசட்இசட் என்றால் தகர மூடி, 2ஆர்எஸ் என்றால் ரப்பர் மூடி, சி3 என்றால் உள்ளே கூடுதல் இடைவெளி. ஆயில் சீலில் 45-62-8 என்பதுபோல் மூன்று எண்கள்: ஷாஃப்ட், வெளிவிட்டம், தடிமன். ஃபேன் பெல்ட்டில் பி-52 என்றால் பி என்பது அகலத்தின் வகை, 52 அங்குலம் நீளம்.

இரண்டு, இன்ஜின் பாகங்கள். செட்டின் பெயர் எதுவானாலும் இன்ஜின் வேறு கம்பெனியுடையதாக இருப்பது வழக்கம். இன்ஜினுக்கென்று தனிப் பலகை இருக்கும். அதன் மாடலும் நம்பரும்தான் சாவி. 1946இல் தொடங்கிய புணேயின் கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின்ஸ் தந்த இன்ஜின்கள் நம் வயல்களில் ஏராளம். அவற்றின் பாகம் விவசாய இன்ஜின் கடைகளிலேயே கிடைக்கும். பம்பும் நாசிலும் பல செட்டுகளில் மைகோ. 1951இல் பெங்களூருவில் தொடங்கிய அந்த நிறுவனம் இப்போது போஷ் என்ற பெயரில் இருக்கிறது. மைகோ என்று கேட்டாலும், போஷ் என்று கேட்டாலும் பம்பின் மேல் உள்ள நம்பரைக் காட்டுங்கள். மெயின் பேரிங் வாங்கும் முன் பழையதன் முதுகைப் பாருங்கள். 0.25, 0.50 என்று இருந்தால் கிராங்க் முன்பே கடையப்பட்டிருக்கிறது. ஸ்டாண்டர்டு அளவு சேராது.

மூன்று, ஜெனரேட்டர் பாகங்கள். பிரஷ்ஷுக்குத் தடிமன், அகலம், நீளம், ஒயரின் முனை, மேலே அச்சிட்ட கிரேடு, இத்தனையும் வேண்டும். பழைய பிரஷ் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் தூக்கி எறியாமல் மாதிரிக்குக் கொண்டுபோங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் பிரஷை அரத்தால் ராவி மாட்டுவது வேண்டாம். கடினம் மாறினால் கம்யூட்டேட்டரைத் தின்றுவிடும். அமெரிக்க லிங்கன் செட் போன்றவற்றில் பலகையில் கோடு நம்பர் என்று ஒன்று இருக்கும். ஒரே பெயரில் பல ஆண்டுகள் தயாரானதால், மாடல் பெயர் மட்டும் சொன்னால் தவறான பாகம் வரும். கோடு நம்பரைச் சொல்ல வேண்டும்.

நான்கு, எங்கும் கிடைக்காதவை. கப்ளிங் ரப்பர், புஷ், பிரஷ் ஹோல்டர், கவர்னர் பின் போன்றவற்றை நல்ல லேத் பட்டறையில் மாதிரி கொடுத்துச் செய்யலாம். சாதாரண கேஸ்கட்டை ஷீட்டில் வெட்டிக்கொள்ளலாம். ஹெட் கேஸ்கட்டை அப்படிச் செய்யாதீர்கள்.

தேடும் இடங்கள்: சென்னையில் பழைய பாகத்துக்குப் புதுப்பேட்டை, புதியதற்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, மோட்டார், வைண்டிங் வேலைக்குக் கோயம்புத்தூர். போகும் முன் பலகையின் படம், பாகத்தின் படம், பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த படம் மூன்றையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பலகை தேய்ந்திருந்தால் சாக்பீஸ் தேய்த்துப் பார்த்தால் எழுத்துத் தெரியும்.

9. சரிசெய்வதா, விற்பதா?

மாதிரிக்கு ஒரு கணக்கு. சரிசெய்ய 18,000 ரூபாய் என்கிறார்கள். வாடகைக்கு செட் எடுத்தால் நாளொன்றுக்கு 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 நாள் வாடகையும் சரிசெய்யும் செலவும் சமம். மாதம் 10 நாள் வெளி வேலை உண்டென்றால் இரண்டு மாதத்தில் செலவு திரும்பிவிடும். மாதம் ஒரு நாள் மட்டுமே என்றால் வாடகையே மேல். உங்கள் ஊர்த் தொகையைப் போட்டு இதே கணக்கைப் பாருங்கள்.

கிராங்கேஸ் வெடித்து, ஆர்மேச்சரும் எரிந்து, இரண்டு பாதியும் சேர்ந்து போயிருந்தால் விற்பதே நல்லது. அப்போதும் முழு செட்டாக எடைக்குப் போடாமல், நல்ல நிலையில் உள்ள பம்ப், ரேடியேட்டர், ஸ்டார்ட்டரைத் தனியே விற்றால் கூடுதல் வரும். வாங்குபவரிடம் குறையை மறைக்காமல் சொல்லி விற்க வேண்டும் என்பதை நினைவூட்ட வேண்டியதில்லை.

பழுது நீக்க அறக்கட்டளையிடம் கர்ழன் ஹஸனா கேட்டு வருவோர், மேலே சொன்ன நான்கு கேள்விகளின் விடை, அளந்த வோல்டேஜும் வேகமும், இரண்டு கடைகளின் மதிப்பீடு ஆகியவற்றை எழுதிக்கொண்டு வந்தால் முடிவு சொல்ல நமக்கும் எளிது.

10. உயிர் முக்கியம்

கதவடைத்த கொட்டகையில் இன்ஜினை ஓட்டாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் வாடையும் இல்லை. தலை சுற்றுகிறது என்று உணரும்போதே எழுந்து நடக்க முடியாமல் போகலாம். சூடான இன்ஜினில் டீசல் ஊற்றாதீர்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். வியர்த்த உடம்போடு, ஈரத் தரையில் நின்று ராடு மாற்றாதீர்கள். 80 வோல்ட் டி.சி.யும் ஆளைக் கொல்லும். சுழலும் ஃபேன் அருகே கைலி, துண்டு, தொங்கும் சட்டை வேண்டாம்.

இன்னொன்று: பழைய டி.சி. செட்டுகள் சிலவற்றின் சாக்கெட்டில் வருவதும் டி.சி.தான். குண்டு பல்பு எரியும். ஆனால் தண்ணீர் மோட்டார் போன்றவற்றைச் செருகினால் எரிந்துபோகும். மீட்டரில் பார்க்காமல் எதையும் செருகாதீர்கள்.

மீள்பார்வை

கேள்வி: இன்ஜின் சீராக ஓடுகிறது, வோல்டேஜ் 80 காட்டுகிறது, ராடு ஒட்டிக்கொள்கிறது. எங்கே பார்ப்பீர்கள்?
விடை: கேபிள், எர்த் கிளாம்ப், சுவிட்ச் முனை, பெரிய பிரஷ்.

கேள்வி: 4 வோல்ட் மட்டும் வருகிறது. காந்தம் ஊட்டலாமா?
விடை: காந்தம் இருப்பதால்தான் 4 வோல்ட் வருகிறது. முதலில் எக்சைட்டர் பிரஷ், ரியோஸ்டாட், ஃபீல்டு ஒயர்.

கேள்வி: 6308 பேரிங்கின் உள்விட்டம் என்ன?
விடை: 8 பெருக்கல் 5, அதாவது 40 மி.மீ.

கேள்வி: பத்து நிமிடம் ஓடி நிற்கிறது, ஆறியபின் ஓடுகிறது. மலிவான முதல் சோதனை எது?
விடை: டேங்க் மூடியின் காற்றுத் துளை.

இந்தப் பக்கங்களைக் கத்தரித்துப் பட்டறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். தொழில் கற்கும் பிள்ளைகளுக்கு, முதலில் அளந்துவிட்டுப் பிறகு ஸ்பேனர் எடுக்கும் பழக்கத்தைச் சொல்லிக்கொடுங்கள். அல்லாஹ் உங்கள் கைத்தொழிலில் பரக்கத் செய்வானாக.